வாசலில் நிற்பவர்

பேய்களைப் பற்றிய பௌத்த நூல் ஒன்று அச்சுக்கு வந்திருந்தது. பிழை திருத்துபவள் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். செத்துப்போன சொந்தக்காரர்கள் பசியோடும் குளிரோடும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களாம். அவர்கள் பேரைச் சொல்லி யாருக்காவது துணி கொடுத்தால் அது அவர்களைச் சேருமாம். அத்தோடு நல்ல பிறவி எடுத்துப் போய்விடுவார்களாம்.

புருஷன் இறந்து இரண்டு வருஷம். அவருடைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தால் குளிர் விடும்; ஆனால் ஆள் போய்விடுவார். நாலு நாள் சட்டையைப் பையில் கொண்டுபோவதும் திரும்பக் கொண்டுவருவதுமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அச்சகத்துக் காவலாளி நடுங்கிக்கொண்டே கேட்டைத் திறந்தார். புருஷனும் வாசலில் இப்படித்தானே நிற்பார் என்று அவளுக்குத் தோன்றியது. சட்டையை எடுத்து நீட்டினாள்.

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரர் பேர்ல குடுக்கிறேன். போட்டுக்கங்கண்ணே."

போட்டுக்கொண்டார். கை கொஞ்சம் நீளம். அவள் தெருப் பக்கம் திரும்பினாள். 'போங்க' என்று சொல்லத்தான் நினைத்தாள், மனசு வரவில்லை.

"போயிட்டு வாங்க," என்றாள்.

"நான் எங்கேயும் போகலையே," என்றார் காவலாளி.

"உங்களை இல்லண்ணே," என்றாள், தெருவைப் பார்த்தபடியே.