திரைக்குள் எடுத்த அளவு

அந்தத் தையல் கடையின் கோடியில் ஒரு திரை தொங்கும். கரும்பச்சைத் துணி, பித்தளை வளையங்கள். அதற்குள் நின்று கையைத் தூக்குகிறவர் யாராக இருந்தாலும், தொப்பையோ, இறங்கிப்போன தோளோ, மற்றதைவிடக் குட்டையான காலோ, எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. திரைக்குள் கண்டதை வெளியே சொன்னவன் அதற்குப் பிறகு கத்தரியைத் தொடக்கூடாது. தையல்காரரின் அப்பா வைத்த சட்டம் அது. ஊரில் உள்ள பெரிய மனிதர்களின் இடுப்பளவெல்லாம் தையல்காரரின் தலைக்குள் இருந்தது. கட்டிய மனைவியிடம்கூட அதில் அரை அங்குலம் கசிந்ததில்லை.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் குத்துச்சண்டைக்குப் போனது அவருக்கு முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊசி பிடிக்க வேண்டிய கையில் தலையணையைக் கட்டிக்கொண்டு திரிகிறானே என்று புகைந்தார். ஒருநாள் மனைவி பிடித்து இழுக்காத குறையாக ஒரு போட்டிக்கு அழைத்துப் போனாள். பையன் ஜெயித்தான். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஜெயித்த பிறகு அவன் குதிக்கவில்லை, கூத்தாடவில்லை. விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கினான். அதைத்தான் அவர் பார்த்தார். மறுநாளே அவனுக்கான அரைக்கால் சட்டையைத் தன் கையாலேயே வெட்ட ஆரம்பித்தார்.

இப்போது பையன் பட்டத்துக்கே மோதப் போகிறான். எதிரே நிற்கப் போகிறவரை ஊரே ‘மதில்’ என்று கூப்பிடும். எத்தனையோ பேர் மோதிப் பார்த்தும் மதில் அசையவில்லை. இதில் ஒரு சங்கடம், மதில் இந்தக் கடையின் வாடிக்கையாளர். பட்டம் வாங்குவதற்கு முன்பிருந்தே வருகிறவர்.

போட்டிக்கு முன் ஒரு மதியம் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவு நிறைந்தது.

“புதுசா ஒரு கோட்டு வேணும் மாஸ்டர். ஜெயிச்ச மறுநாள் விருந்து வெச்சிருக்காங்க.”

“யாரு ஜெயிச்ச மறுநாள்?”

“நான்தான்.”

“அப்போ துணி நல்லதாவே எடுத்துக்குங்க. தோத்தாலும் போட்டுக்கலாம்.”

மதில் கடை அதிரச் சிரித்தார். இருவரும் திரைக்குள் போனார்கள். தோள், கை, முதுகு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து வலது விலாவின் மேல் இறுக்கியபோதுதான் மதில் மூச்சை உள்ளே இழுத்தார். முகம் ஒரு நொடி சுருங்கி விரிந்தது. கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. தையல்காரர் டேப்பை ஒரு விரல் தளர்த்திப் பிடித்து, அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

மதில் கடைக்கு வந்த விஷயம் எப்படியோ வீட்டுக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பையனுக்குப் பயிற்சி கொடுப்பவர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். சாப்பாட்டு மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், அந்த ஆளு நம்ம கடைக்கு வந்தாராமே?”

“வந்தார்.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“கோட்டு போடுற மாதிரி இருக்கு.”

“ஐயோ அத்தான்! தோள் இறங்கியிருக்கா, முட்டி வலிக்குதா, எங்கயாவது தொட்டா துள்ளுறாரா? ஒரே ஒரு வார்த்தை!”

“நீ வேற,” என்றாள் மனைவி. “பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு இவர்கிட்ட பேரு என்னன்னு கேட்டாங்க. அதுக்கே யோசிச்சுத்தான் சொன்னார்.” பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “என்னங்க, அவரு உங்க கஸ்டமர், சரி. இவன் யாரு? பக்கத்து வீட்டுப் பையனா?”

“திரைக்குள்ள பார்த்தது திரைக்குள்ளதான்.”

“என் பிள்ளை மூக்கு உடையட்டும், அந்தத் திரையைக் கிழிச்சுத்தான் கட்டுப் போடுவேன்.”

பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “ஏம்ப்பா, சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

“இருக்குன்னு சொன்னாலே பாதி சொன்ன மாதிரிடா.”

பையன் சிரித்துவிட்டான். “விடுங்க மாமா. அவர் சொல்ல மாட்டார்.”

அவன் சிரித்ததுதான் தையல்காரரைக் குடைந்தது. கோபித்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மதிலின் சட்டைக்குக் கைப்பட்டை தைத்தவர் அவர். அந்தக் கையின் சுற்றளவு தெரியும். அது மகனின் முகத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு விரலை நீட்டி இந்த இடம் என்று காட்டினால் போதும். அந்த விரலைத்தான் அன்றிலிருந்து மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டி அன்று அரங்கம் வழிந்தது. தையல்காரர் முன்வரிசையில் கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி அவருடைய முழங்கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

முதல் சுற்றுகள் மதிலுக்குத்தான். பையன் சுற்றிச் சுற்றி வந்தான். மதில் நின்ற இடத்தில் நின்று இடது கையாலேயே அவனை வரவேற்றார். பையனின் புருவம் பிளந்தது. விலாப் பக்கம் புகுந்து பார்த்தான். அங்கே மதிலின் வலது முழங்கை ஆணி அடித்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. குத்தியதில் இவன் கைதான் வலித்தது. அந்த முழங்கை ஏன் அங்கிருந்து நகரவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் தையல்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மணி அடித்தது. பையன் மூலையில் வந்து உட்கார்ந்தான். மாமா புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

“இப்பவாவது போய்ச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

தையல்காரர் எழுந்தார். மூலைக்குப் போனார். மகனின் முகத்தை அருகில் பார்த்தார். வாய் திறந்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“இடுப்பு நாடா தளர்ந்திருக்கு,” என்றார் தையல்காரர். “இறுக்கிக் கட்டு.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். பையன் மட்டும் ரத்தத்தோடு பல்லைக் காட்டினான். “கட்டிவிடுங்கப்பா.” கிளவுஸ் போட்ட கையால் அவனால் கட்ட முடியாது. தையல்காரர் கயிற்றுக்கிடையில் கையை விட்டு, அவிழாத முடிச்சு ஒன்று போட்டுவிட்டுத் திரும்பினார்.

அடுத்த சுற்றில் பையன் விலாவை மறந்துவிட்டான். அங்கே முட்டி மோதிக் கை வலித்ததுதான் மிச்சம். மேலே பார்த்தான். கீழே காவல் காக்கிற அந்த வலது கை தாடைக்கு ஏறி வரவே இல்லை. ஜன்னலைத் திறந்து போட்டது போல அந்தப் பக்கம் காலியாக இருந்தது. மதில் இடது கையை நீட்டிய நேரம் பார்த்துக் குனிந்தான். நிமிரும்போது தன் இடது கையை வளைத்து வீசினான். மதில் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனவர் போல உட்கார்ந்தார். நடுவர் எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

பையன் குதிக்கவில்லை. போய்க் கைகொடுத்தான். பட்டத்தின் பெல்ட்டை இடுப்பில் கட்டினார்கள். மதிலுக்கு அளவாக இருந்தது இவனுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பத்திரிகைக்காரர் ஒருவர், “பழைய சாம்பியனோட இடுப்பு எவ்வளவு சார்?” என்று தையல்காரரைக் கேட்டார்.

“ரெண்டு ஓட்டை சேர்த்துப் போட்டுக் கொடுத்துடறேன்,” என்றார் அவர்.

உடை மாற்றும் அறைக்கு மதில் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“மாஸ்டர், பெத்த பிள்ளைகிட்ட எப்படியும் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன். சண்டை முழுக்க விலாவையே பொத்திக்கிட்டு நின்னேன். தம்பி மேல போட்டுட்டான்.”

“என்ன விலா?” என்றான் பையன்.

மதில் அவனைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமாவும், “எந்த விலா?” என்றார்.

தையல்காரரின் காது சிவந்துவிட்டது. மகன் பட்டம் வாங்கிய சந்தோஷமெல்லாம் எங்கோ போயிற்று.

“என் கடையைப் பத்தியா அப்படி நினைச்சீங்க?”

“பெத்த பையனாச்சேன்னு...”

“பையன் வீட்டுல. கடை வேற. எங்கப்பா காலத்துல இருந்து ஒருத்தர்கூட இந்தச் சந்தேகத்தைக் கேட்டதில்ல.”

ஊரை நடுங்கவைத்த ஆள் பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தலை குனிந்தார். “தப்புதான் மாஸ்டர். மன்னிச்சிடுங்க.”

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “அக்கா! அத்தான் சொல்லியிருந்தா இவன் அந்த முழங்கையையே இடிச்சுக்கிட்டு இருந்திருப்பான்! சொல்லாததாலதான் ஜெயிச்சிருக்கான்!”

“போதும்டா,” என்றாள் அவள், மகனின் புருவத்தைத் துடைத்தபடி. “ஏற்கெனவே பேச மாட்டார். இனி வீட்டுல ஊமைப் படம்தான்.”

மறுநாள் காலை மதில் கடைக்கு வந்தார். கோட்டு தயாராகத் தொங்கியது.

“விருந்து இப்போ எனக்காம். நீங்களும் வரணும் சார்,” என்றான் பையன். பெல்ட் இன்னும் இடுப்பில்தான். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, திரைப் பக்கம் போன இருவருக்கும் பின்னாலேயே நடந்தான்.

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். “நீ எங்க வர்ற?”

“சும்மாதான்ப்பா. நான் சாம்பியன்ப்பா இப்போ.”

“வெளிய நில்லு.”

வளையங்கள் கிலுங்கத் திரை மூடிக்கொண்டது. உள்ளே மதில் கோட்டுக்குள் கையை நுழைத்தார். வலது விலாப் பக்கம் மட்டும் லைனிங் ஒரு விரல் தளர்வாக, எங்கேயும் உறுத்தாமல் விழுந்தது. கண்ணாடியில் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, கையின் நீளம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.