பதினேழாம் இலக்கக் கிணறு

கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பொதுநோக்கு மண்டபத்துக்குள் மாணவி யதுர்ஷிகா சனம் இருக்க வாங்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பனியிலிருந்து வந்த சஜீவன், தன் இயந்திரத்தை மேசையில் ஏற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். விரிவுரையாளர் சுதாஜினிக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. துணிப் பனரைக் கட்டினாள். சரிந்திருக்கிறதென்று அவிழ்த்தாள். திரும்பவும் கட்டினாள். ‘ஆய்வின் பயன் மக்களுக்கே’ என்ற வாசகம் அவள் எழுதிக் கொடுத்ததுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து அவளும் மாணவர்களும் இந்தத் துணுக்காய்க் கிராமத்துக்கு வந்து, வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்துப் போனார்கள். இன்று முடிவு சொல்லும் நாள். எந்த வீட்டின் பெயரும் வெளியே வரக்கூடாது என்பது ஆய்வின் விதி. ஆகவே வரைபடத்தில் இலக்கங்கள் மட்டும். அதில் பதினேழு சிவப்பாக இருந்தது. புளோரைட் அளவுக்கு மிஞ்சிய கிணறு.

“காற்று வாங்கிப்போட்டு வாறன்” என்று யதுர்ஷிகாவிடம் சொல்லிவிட்டு ஒழுங்கையில் இறங்கினாள்.

நாலு வீடு தாண்டவில்லை, நின்றுவிட்டாள். கிணற்றுக் கட்டு ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் இலக்கம். அடுத்த முறை வரும்போது கிணறு மாறிவிடக்கூடாதென்று மாணவர்கள் எழுதியது. நல்ல பெயின்ராகப் பார்த்து வாங்குங்கோ என்று அன்று அவள்தான் சொன்னாள். இரண்டு மாரி கழிந்தும் அது மங்கவில்லை. பெயரை மறைப்போம் என்று கம்பஸில் கையெழுத்து வைத்துவிட்டு, இங்கே ஊர் முழுக்க எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையில் சிவப்புப் பதினேழு விழுந்த உடனே சனம் அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரான இரஞ்சிதத்தைத்தான் திரும்பிப் பார்க்கும்.

இரஞ்சிதத்தின் படலை திறந்தே கிடந்தது. கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பிரஷாந்தினி தண்ணீர்க் கானை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் வாளிக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

“மிஸ், எங்கட வீட்டுக் கிணறு பாசோ, பெயிலோ?” என்றாள் பிரஷாந்தினி.

“தவளைக்குப் பாஸ்,” என்று குசினிக்குள்ளிருந்து இரஞ்சிதத்தின் குரல் வந்தது. “மனுசருக்குப் பெயில். அதுதானே தண்ணிக்கு என்ர படலையைத் தேய்க்கிறா.”

“உங்கட தண்ணி தேத்தண்ணிக்கு நல்லம் எண்டுதான் வாறன், மாமி. உங்களைப் பாக்கவோ வாறன்?”

பிரஷாந்தினி சிரித்துக்கொண்டே கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மகளோடு போனாள். இரஞ்சிதம் கிணற்றடிக்கு வந்தார். சுதாஜினி நின்றபடியே சொன்னாள்.

“அம்மா, இந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். சமைக்கவும் வேண்டாம்.”

“ஏன், மருந்து கிருந்து கலந்திட்டுதோ?”

“இல்லை. மண்ணிலயிருந்து வாறது. சின்னப் பிள்ளையளின்ர பல்லு பழுதாகும். கனகாலம் குடிச்சால் எலும்பும்.”

“கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்.”

“கொதிக்க வைச்சாலும் போகாது அம்மா.”

இரஞ்சிதம் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றினார். கண் அந்த இலக்கத்தில் நின்றது.

“மண்ணெண்ணெய் தாறன். இதைத் தேய்ச்சு அழிச்சு விடுங்கோ.”

“அழிச்சாலும் சனம் குடிக்கத்தானே போகினம்.”

“பிள்ளை, எனக்கு ஆர் இருக்கினம்? மகள் கனடாவில. மனுசன் போய்ச் சேந்திட்டார். தண்ணிக்கு வாற சனம்தான் எனக்குக் கதைக்கிற சனம். நாளையிலயிருந்து இந்தப் படலைக்குள்ள ஆர் வரும்?” குரல் உயர்ந்தது. பிறகு, எதையோ எண்ணிப் பார்த்தவர் போலத் தாழ்ந்தது. “இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

இந்தக் கேள்வியைத் தவிர வேறு எதற்கும் சுதாஜினி தயாராக வந்திருந்தாள்.

முடிவு கைக்கு வந்தது போன வருடம் மாசியில். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். அது நியாயம். அதன்பின் வந்த காரணங்கள் அப்படியல்ல. கட்டுரை வெளிவரட்டும், முன்னே சொன்னால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். பதவி உயர்வு விண்ணப்பம் போகட்டும். கம்பனியோடு ஒப்பந்தம் முடியட்டும், அப்போது தீர்வோடு சேர்த்தே சொல்லலாம். ஒவ்வொன்றும் வந்தபோது நல்லறிவு போலத்தான் இருந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை என்பதை, இந்தக் கிணற்றடியில் நிற்கும்போதுதான் தனக்குள் ஒத்துக்கொண்டாள்.

“போன வருசம் மாசியில,” என்றாள்.

“மாசியோ? அதுக்குப் பிறகு சித்திரையில வந்தனீங்களே. இதே தண்ணியில உங்கள் எல்லாருக்கும் பிளேன்ரீ ஊத்தித் தந்தனான். நீங்களும் குடிச்சனீங்கள்.”

ஓம் என்றுவிட்டால் போதும். கேட்பவரே பதிலையும் கையில் தந்திருக்கிறார்.

“நான் குடிக்கேல்லை அம்மா. ஒருத்தரும் பாக்காத நேரம் வாழையடியில ஊத்தினனான்.”

இரஞ்சிதம் வாழையைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பென்று சொல்ல முடியாத ஒன்று வாயோரத்தில் வந்து போனது.

“உங்களோட வந்த பிள்ளையள் குடிச்சதுகள்தானே?”

“ஓம். குடிச்சவை.”

“சரி. கூட்டத்தில நான் எழும்பி, என்ர கிணறு எண்டு சொல்லுறன். நீங்கள் எப்ப தெரியும் எண்டதைச் சொல்லுங்கோ. நான் மட்டும் ஏன் நாறவேணும்?”

மண்டபம் நிறைந்திருந்தது. சஜீவன் காதருகே குனிந்தான். “மேடம், சிவப்பு வீடு ஆரின்ர எண்டு சொன்னால் இண்டைக்கே வடிகட்டிக்கு ஓடர் எடுக்கலாம்.” அவள் யதுர்ஷிகாவுக்குக் கைகாட்டினாள். திரையில் வரைபடம் விழுந்தது. தலைகள் திரும்பத் தொடங்குமுன்பே இரஞ்சிதம் எழுந்துவிட்டார்.

“பதினேழு என்ர கிணறு. குடிக்க அள்ளாதேங்கோ. மற்றதை மிஸ் சொல்லுவா.”

சொல்லிவிட்டு உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யதுர்ஷிகா மடிகணினியில் விரலை வைத்தபடி ஆசிரியையைப் பார்த்தாள். அவளும் அந்தத் தேநீரைக் குடித்தவள். முடிவு வந்த திகதி அவளுக்கும் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

“இது எனக்குப் போன வருசம் மாசியில தெரியும்,” என்றாள் சுதாஜினி. ஒலிவாங்கியில் அது அவளுடைய குரல் போலவே இல்லை. “அப்பவே வந்து சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. கட்டுரை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒருவரும் ஏசவில்லை. பிரஷாந்தினி மடியிலிருந்த மகளின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். வாயைத் திறக்கச் செய்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் பிடியை விடவில்லை.

“மிஸ், உலை வைச்சுப்போட்டு வந்தனான். அந்தத் தண்ணியிலதான். அதை ஊத்திப்போட்டு இப்ப எந்தத் தண்ணியை வைக்கிறது?”

இருபது பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை. “அடுத்ததைப் போடவா மிஸ்?” என்று யதுர்ஷிகா கேட்டாள். அவள் குரலில் முன்பிருந்த மரியாதை இல்லை.

“வேண்டாம்.”

சுதாஜினி ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் நின்றபடி, தண்ணீர்ப் பவுசர் வண்டி அனுப்பும் பிரதேச சபை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி போனது. அங்கே யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள். சனம் எழுந்து போகாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.