யார் வீட்டுப் பொண்ணு?

கனடாவின் கிழக்கே, பிரெஞ்சு பேசும் எங்கள் அகாடிக் கரையில் பேரை மட்டும் சொன்னால் யாருக்கும் போதாது. அப்பன் பெயரும் தாத்தன் பெயரும் கூடவே வரவேண்டும். ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் லாந்த்ரி; வெறும் ழோசப் லாந்த்ரி என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

அப்படிப்பட்ட ஊருக்கு, மீனவர் அருங்காட்சியகத்தின் இயக்குநராக ஸெலி துவால் வந்திறங்கினாள். மொன்றியால் நகரில் பிரெஞ்சு வானொலிச் செய்தியாளராக இருந்தவள். கேள்வி கேட்டே அமைச்சர்களை வியர்க்க வைத்தவள். துவால் என்று எங்கள் கரையில் ஒரு குடும்பமும் கிடையாது. பேச்சோ அச்சு அசல் எங்கள் பேச்சு. அருங்காட்சியக வாசலில் சீட்டு கிழிக்கும் எனக்கு மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எர்மீன், இந்த விளக்கை யாரு இங்க மாட்டினது?" என்று திருப்பிக் கேட்டாள். பத்திரிகைக்காரி புத்தி!

அந்த வருடக் கண்காட்சி, பல வருடங்களுக்கு முன் புயலில் 'ஸ்டெல்லா' மீன்பிடிப் படகு ஆட்களோடு மூழ்கியதைப் பற்றி. கடல் எதையும் திருப்பித் தரவில்லை. மிஞ்சியது ஓசீத் கிழவி வீட்டு ஆணியில் தொங்கும், அந்தப் படகில் போன அவள் புருஷனின் மழைக்கோட்டு ஒன்றுதான். அது இல்லாவிட்டால் கண்காட்சி வெறும் சுவர். கிழவியோ, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதவருக்குக் கைக்குட்டைகூடத் தரமாட்டாள்.

ஸெலியை நானே காரில் அழைத்துப்போனேன். கோட்டு கிடக்கட்டும், எனக்கு அந்தப் பதில் வேண்டும்.

ஓசீத் தேநீர் ஊற்றி, வெல்லப்பாகு தடவிய ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்: "யார் வீட்டுப் பொண்ணு நீ?"

ஸெலி கோப்பையைக் கீழே வைத்தாள். "துவால் ரேடியோவுக்கு வெச்ச பேரு. நான் கமீய் பொண்ணு. தோசிதே பேத்தி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டெல்லாவில் போகவேண்டியவன், அன்று மட்டும் போகாமல் நின்றவன் கமீய். புயல் வருவது தெரிந்து நழுவிவிட்டான் என்று ஊரே தூற்ற, குடும்பத்தோடு ஓடிப்போனவன். கோட்டும் போச்சு, இவள் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

"தெரியும்," என்றாள் ஓசீத். "ரேடியோல கேட்டப்பவே தெரியும். உங்கப்பன் மாதிரியே மூக்கால சிரிக்கிற. ஊரு உலகத்தையெல்லாம் கேள்வி கேட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப கேளேன்."

வானொலியில் முழங்கிய அந்தக் குரல் உடைந்துபோனது. "எங்கப்பா அன்னிக்கு ஏன் போகல?"

"உனக்கு நெருப்பா ஜுரம். அவன் அதைச் சொல்லாம வலை ஏத்திக்கிட்டு இருந்தான். 'போடா, போய்ப் புள்ளையப் பாரு'ன்னு புடிச்சுத் தள்ளினதே என் புருஷன்தான். மழையில டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணுமே, உன்னைச் சுத்திக்கட்டும்னு இந்தக் கோட்டைக் கழட்டிக் கொடுத்தாரு. நான் துறையிலதான் நின்னேன். அப்புறம் உங்கப்பனே கொண்டாந்து ஆணியில மாட்டிட்டு, வாயத் திறக்காம போயிட்டான்."

"ஏன் ஊருக்குச் சொல்லல நீ?" என்று நான் கத்தியேவிட்டேன்.

"என் ஆளு செத்தாரு, அவன் உசுரோட இருந்தான். எரிச்சல்டீ எனக்கு! மனசு ஆறுனப்ப, கேக்க ஒருத்தரும் வரல."

ஓசீத் எழுந்துபோய்க் கோட்டை எடுத்துவந்து ஸெலியின் மடியில் போட்டாள். அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்காட்சியில இதுக்குக் கீழ என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள் ஸெலி.

"எழுதறது உன் தொழில். எதையாவது எழுது. அடியில உன் பேரை மட்டும் துவால்னு போடாத."