பவழ மணலும் ஒரு பிடிப் பொடியும்

சவாயித் தீவில், எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்துக் கொட்டகையில் லனுவோலா முதன்முதலாக வளர்த்த நாற்பது இறைச்சிக்கோழிகளும் மூன்றாம் வாரத்தில் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டன. மூட்டு வீங்கி, தசைநார் நழுவி, பாதம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

அவள் அசரவில்லை. அறுபது குஞ்சுகளை மறுபடியும் வாங்கினாள். அக்டோபரில் வரும் குழந்தைகள் ஞாயிறன்று பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள் முதலில் உண்பார்கள். அந்த விருந்தில் கப்பலில் வரும் உறைந்த கறி வேண்டாம், ஊர்க்கோழியே போதும் என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சங்கத் தலைவி வாவோசா கொட்டகைக்கே வந்தாள்.

"ஏம்மா, உன் கோழியெல்லாம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுச்சாமே! அவ்வளவு பக்தி நம்ம பாதிரியார் வீட்டுக் கோழிக்குக்கூட இல்லையே."

"சிரிச்சுக்கோங்க அத்தை. இந்தத் தடவை நிக்கும்."

"இருபத்தோராம் நாள் வந்து பார்ப்பேன். நிக்கலேன்னா அபியா பட்டணத்துலேருந்து உறைஞ்ச பெட்டிக் கறிதான். கொட்டகையும் பன்றிக்குப் போயிடும்."

தேங்காய்ப் பிண்ணாக்கு, மரவள்ளி, மீன்தூள் ஆகியவற்றோடு வேளாண் அலுவலகம் தந்த தாதுப்பொடியையும் லனுவோலா அளவாகச் சேர்த்துவந்தாள். நூறு கிலோ தீனிக்கு ஒரு பிடிதான். ஆயினும் பத்தாம் நாள் நான்கு குஞ்சுகள் நொண்டின. அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சுண்ணாம்புச் சத்து எதையாவது கூடுதலா போடறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லையே!"

சொல்லிவிட்டுத் தீனித்தொட்டியின் அடியைத் துழாவினாள். விரலில் வெள்ளைக் குருணை ஒட்டியது. சுண்ணாம்பு மிஞ்சினால் என்ன ஆகும் என்று அலுவலர் விளக்கிவிட்டு வைத்தார். தம்பி பெனியமினாவைக் கூப்பிட்டாள்.

"பெனி, இதுல என்னடா கலந்தே?"

"பவழ மணல் அக்கா. கடல்ல பவழத் திட்டுக்குப் போய் அள்ளியாந்து இடிச்சுப் போட்டேன். அம்மா முட்டைக்கோழிக்குப் போடுவாங்கல்ல? எலும்பு கெட்டிப்படுமேன்னு."

"போன தடவையும் போட்டியா?"

"தினமும். நொண்ட ஆரம்பிச்சதும் ரெண்டு மடங்கா போட்டேன்."

எங்களிடையே உடன்பிறந்தவளுக்குச் செய்யும் பணியைச் சொல்லிக்காட்டக் கூடாது. அவள் கேட்குமுன்னே செய்து முடிப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. அவன் அப்படித்தான் செய்திருந்தான். அந்தப் பணியைத் தவறு என்று சொல்வது அவளுக்கும் எளிதாக இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"முட்டை ஓட்டுக்குத்தான்டா அவ்வளவு சுண்ணாம்பு வேணும். இதுங்க வயித்துல அது நிறைஞ்சா, நான் போடற பொடியில இருக்கற மாங்கனீசும் துத்தநாகமும் உடம்புல சேராமலே வெளியே போயிடும். அப்புறம் மூட்டு எப்படி நிக்கும்?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "உன் பேரைக் கெடுத்தது நான்தானா? ஊர்ல எப்படித் தலை காட்டுவேன்?"

"தலை இருக்கட்டும். எனக்கு இப்போ உன் கைதான் வேணும். வா."

மணல் கலந்த தீனியை மூட்டைகளாகக் கட்டி, வாவோசாவின் முட்டைக்கோழிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு புதிதாகக் கலந்தார்கள். பொடியை முதலில் ஒரு கிண்ணத் தீனியில், அதை ஒரு கூடைத் தீனியில், அதைக் குவியல் முழுவதிலும் என்று படிப்படியாகப் பரப்பினார்கள். ஒரு குஞ்சுக்கு நிறையவும் மற்றொன்றுக்கு வெறுமையாகவும் போய்விடக் கூடாதே! நண்பகலாகியும் தம்பி மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

இருபத்தோராம் நாள் வாவோசா வந்து, கொட்டகையின் மறுகோடியில் தீனியை வீசினாள். ஐம்பத்தாறு கோழிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடின. பழைய நான்கும் பின்னால் நொண்டி வந்தன.

"நாலு நொண்டுதே?"

"அது எங்க தப்பு அத்தை. மறைக்க மாட்டேன்."

"எதுக்கும் ரெண்டு பெட்டிக் கறி சொல்லி வைக்கட்டுமா?"

"வேண்டாம். அடுத்த தடவைக்கு நூறு குஞ்சு சொல்லி வைங்க."

வாவோசா சிரிப்பை அடக்கியபடி ஓடும் கோழிகளை இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"நூறுன்னா இந்தக் கொட்டகை பத்தாதேம்மா," என்றாள்.

பெனியமினா கோடரியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் புறப்பட்டான்.

"நில்லுடா!" என்று லனுவோலா அவனைத் தடுத்தாள். "இந்தத் தடவை என்ன செய்யப்போறேன்னு முதல்ல சொல்லிட்டுப் போ."