கழுவிய தாளில் கோவேறு கழுதை

லியோட்டா ப்ரூயிட் தொண்ணூற்றாறு செல்லுலாய்ட் தாள்களையும் கழுவி, கம்பிச் சட்டத்தில் காயப் போட்டுவிட்டு, மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தபோதுதான் கோரா ஓடிவந்தாள். மை போடும் பெண்கள் நாற்பது பேருக்கும் தலைவி அவள். கூரை தீப்பிடித்தாலும் நடந்தே வெளியேறுகிற ரகம்.

"லியோட்டா, பெருசு ரூம்லேருந்து ஒரு பெட்டி வரணும்டி. கடைசி சீன், கழுதை எழுந்து நிக்கிறது. காலைலேருந்து சாயம் போடுற பொண்ணுங்க அதுக்காகச் சும்மா உக்காந்திருக்காங்க. இங்க தப்பித் தவறி வந்துச்சா?"

ரொட்டி கையிலேயே இருந்தது. லியோட்டா சட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கோராவும் பார்த்தாள். அங்கே தொண்ணூற்றாறு தாள்கள், துளி மையில்லாமல், ஜன்னல் கண்ணாடி மாதிரி காய்ந்துகொண்டிருந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தக் கார்ட்டூன் ஸ்டூடியோவில் லியோட்டாவுக்கு வேலையே அழிப்பதுதான். செல்லுலாய்ட் தாளில் மையால் கோடு போட்டு, பின்பக்கம் சாயம் பூசி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தானதும் எல்லாம் அவளுடைய தொட்டிக்கு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துக் கொடுத்தால் அதே தாளில் அடுத்த படம். ஊரே சிரித்த எலிகளையும் வாத்துகளையும் இந்த உலகத்தில் தன்னைவிட அதிகமாகக் கொன்றவர்கள் கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒரே ஒரு விதி: சீட்டில் கேமராக்காரரின் கையெழுத்து இல்லாமல் தாள் தண்ணீரைத் தொடக் கூடாது. எட்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

இன்றைக்கு வந்த சீட்டில் 'கழுவவும்' என்று மட்டும் இருந்தது, கோரா 'பெருசு' என்று சொன்ன ஆம்புரோஸ் விக்கரியின் சொந்தக் கையெழுத்தில். கேமராக்காரர் கையெழுத்து இல்லையே, பின்பக்கம் சாயம் இல்லையே என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. சாமியே வரம் கொடுத்த பிறகு பூசாரியிடம் போய் யார் கேட்பார்கள்?

சாமி என்றால் சும்மா இல்லை. 1911 தொடங்கி, புரூக்ளினில் ஒரு கறிக்கடை மாடியில், மூன்று குளிர்காலம் தனியாளாக உட்கார்ந்து நாலாயிரம் படம் வரைந்த மனுஷன் விக்கரி. ஒபதியா என்ற கோவேறு கழுதை ஒன்றை நடக்க வைத்தார். வரையும் தாள் நகராமலிருக்கத் துடைப்பக்கட்டையைச் சீவி மேஜையில் இரண்டு முளை அடித்தார். இன்றைக்கு இந்த ஸ்டூடியோவின் இருநூறு மேஜையிலும் தாளைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு முளைதான். பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அன்றைக்கு அவருடைய மாமனார் ஊரெல்லாம் சொன்னாராம்.

லியோட்டாவுக்கு இது எல்லாவற்றையும்விட வேறொன்று பெரிது. கான்சஸில் அவளுக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குக் கதிரடிக்கும் இயந்திரம் வெடித்ததில் இரண்டு காதும் போயிருந்தன. அதிலிருந்து வீட்டில் அவர் குரலே கேட்டதில்லை. ஊர்க் கூடத்தில் வெள்ளைப் போர்வை கட்டிப் படம் போட்டார்கள். வண்டியை இழுக்கச் சொன்னதும் ஒபதியா நிதானமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தது. பக்கத்தில் துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பா சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சிரிப்பைத் தந்த கைக்குச் சொந்தக்காரர் இருக்கிற கட்டடத்தில் தொட்டி கழுவினாலும் போதும் என்றுதான் ரயிலேறி வந்தாள்.

அந்தக் கை வரைந்ததை இந்தக் கை அழித்துவிட்டது. அழித்ததும் எதை! மற்றவர்கள் முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவார்கள். மை போடும் பெண்கள் அதைத் தாளில் நகலெடுப்பார்கள். ஒன்று கெட்டால் காகிதம் இருக்கும். விக்கரியோ பழைய வழக்கத்தை விடாமல் மையைத் தொட்டு நேரே தாளில் வரைகிறவர். நாலு மாத உழைப்பு, திரையில் நாலே நாலு விநாடி. அதற்கு வேறு நகல் கிடையாது.

தயாரிப்பைக் கவனிக்கிற டன்லப் வந்தார். அவர் கத்தமாட்டார். மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். "சீட்டு எங்கம்மா?" என்றார்.

சீட்டு அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் அவள் தப்பிவிடலாம். ஆனால் பெரியவருக்கு மறதி வந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மேல்மாடியில் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். ஒரு வருஷமாக அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். எடுக்காத படத்தைக் கழுவச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார் என்று தெரிந்தால் நாளைக்கே மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

"சீட்டு ஒண்ணும் இல்லீங்க சார். நாந்தான் பாக்காமக் கழுவிட்டேன்" என்றாள்.

டன்லப், அஞ்சு மணிக்குள் ஏப்ரனைக் கோராவிடம் ஒப்படைத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். கோராவும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

லியோட்டா அழுதாள். வேலை போனதற்குப் பாதி, கழுதைக்குப் பாதி. அழுதபடியே ஒரு தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே சாய்த்தாள். கறை இருக்கிறதா என்று பார்க்கிற எட்டு வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது.

தாளில் ஒரு காது தெரிந்தது.

மை இல்லை. மை போன இடத்தில் பேனா முள் கீறிய தடம். எந்தத் தாளிலும் கொஞ்சம் கீறல் மிஞ்சும், மெருகு போட்டுத் தேய்த்தால் போய்விடும். இந்தக் கீறல் அப்படி இல்லை. நகத்தை ஓட்டினால் நகம் மாட்டியது. தன் கையை அடக்குவதற்காக அவர் முள்ளை எவ்வளவு அழுத்தியிருக்கிறார்! நேராக வரவேண்டிய ஒவ்வொரு கோடும் பொடிப்பொடியாக நடுங்கியிருந்தது. அப்போதுதான் கோட்டுப் பைக்குள் இருக்கிற கையின் கதை அவளுக்குப் புரிந்தது.

மூலையில் எண்களும் கீறலாக இருந்தன. ஒன்று, இரண்டு என்று தேடித்தேடி அடுக்கினாள். தொண்ணூற்றாறும் சேர்ந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரலால் சரசரவென்று புரட்டி விட்டாள்.

கிழட்டு ஒபதியா படுத்திருக்கிறது. எங்கோ மழை வாசனை. காது ஒன்று திரும்புகிறது. முன்னங்காலை ஊன்றுகிறது, முட்டி உதறுகிறது, விழப்போகிறது, விழவில்லை. விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு அதிர, உடம்பெல்லாம் தோல் சிலிர்க்க, அது எழுந்து நின்று முகத்தை மேலே தூக்குகிறது. அவ்வளவுதான். லியோட்டாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ ஆயிரம் படங்களைத் தொட்டவள், மையும் சாயமும் இல்லாத வெறும் தாளில் ஓர் உயிர் மூச்சு விடுவதை இன்றைக்குத்தான் பார்த்தாள். மறுபடி விட்டாள். மறுபடியும் எழுந்தது.

அடுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறினாள். விக்கரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் காபி ஆறிக் கிடந்தது. அவள் நடந்ததைச் சொல்லி, சீட்டை மேஜையில் வைத்து, யாரிடமும் காட்டவில்லை, அவர் மறந்துபோய் எழுதியிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

"மறக்கல. தெரிஞ்சேதான் எழுதுனேன்" என்றார்.

லியோட்டா சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு மாசம்மா. ஒரு கோடு, ஒரே ஒரு கோடு நேரா வரல. நானே கிழிக்கலாம்னா மனசு வரல. பாவம் பெருசுன்னு நாலு பேரு சொல்றதுக்குள்ள தண்ணில போயிடட்டும்னு அனுப்பிட்டேன். சின்னப் பசங்க யாராச்சும் வரையட்டும். உன் வேலைக்கு உலை வைப்பேன்னு சத்தியமா யோசிக்கலம்மா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனதற்கு வந்த கோபம் இல்லை. கழுவச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது என்ற கோபம். தாள்களை வெளிச்சத்தில் சாய்த்து, அவர் கண்ணுக்கு முன்னால் சரசரவென்று விட்டாள்.

அவர் பார்த்தார். இன்னொரு தரம் என்று கையைக் காட்டினார். மூன்றாம் தரமும் பார்த்தார்.

"முட்டி நடுங்குதே" என்றார் மெல்ல.

"கெழட்டுக் கழுதை எழுந்திரிச்சா நடுங்காதா சார்? உங்க பழைய கை இத வரைஞ்சிருக்கவே முடியாது. அதுக்கு நடுங்கத் தெரியாது."

விக்கரி சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மை போடும் கூடத்தில், நாற்பது பெண்கள் பார்க்க, டன்லப்பைக் கூப்பிட்டு, கழுவச் சொன்னது தான்தான், அந்தப் பெண் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறாள் என்றார். டன்லப் சீட்டைப் பார்த்தார், ஜன்னலோரம் லியோட்டா புரட்டிக் காட்டிய கழுதையையும் பார்த்தார், ஏப்ரனைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. தடத்தின் மேலேயே மறுபடி மை போடலாம் என்று கோரா சொன்னாள்.

"போடுங்க. ஆனா ஒரு கோட்ட நேராக்குனாலும் மறுபடி லியோட்டாகிட்ட அனுப்பிடுவேன்" என்றார் விக்கரி.

சொல்வது சுலபம். அந்த நாற்பது பேரும் கை நடுங்காததற்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். மூச்சை அடக்கி, மயிரிழை பிசகாமல் கோடு இழுப்பார்கள், அதுதான் அவர்கள் சோறு. அவர்கள் கைக்கு நடுக்கம் வரவே இல்லை. கோடுகள் வழவழவென்று விழுந்தன, கழுதை பொம்மையாகிப் போனது. முதல் பத்துத் தாளைக் கோராவே லியோட்டாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். லியோட்டா கழுவிக் கொடுத்தாள். தடம் அப்படியே இருந்தது. திரும்ப உட்கார்ந்தார்கள். அவர் முள் எங்கே நின்றது, எங்கே உதறியது, எங்கே மூச்சு வாங்கியது என்று கீறலைத் தடவித் தடவிப் பழகினார்கள்.

மூன்றாம் நாள் காலை விக்கரி மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்தார். கூடத்தில் பேனா முள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரிலேயே உறுதியான நாற்பது கைகள், அவர் கை நடுங்கிய இடத்திலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒரு பெண்ணின் பின்னால் நின்று அந்தக் கோடு முடிகிற வரைக்கும் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைப்பதற்காக, ஒரு வருஷத்துக்குப் பிறகு, எல்லார் முன்னாலும் கோட்டுப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார்.