ஃபிடென்சியோ விழுங்கிய இருமல்கள்

ஃபிடென்சியோ செத்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் மறுபடி இரும ஆரம்பித்தான். ஆள் வரவில்லை, இருமல் மட்டும்தான். கூட்டம் கூடாதீர்கள் என்று நகராட்சி சொல்லியும் தெருவே ஜெபமாலைக்கு வந்திருந்தது. ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த எங்கள் சனம் சாவு வீட்டைத் தனியாக விடாது. ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததென்று, தரையில் சுண்ணாம்பால் போட்ட சிலுவையை வழக்கப்படி வழித்து எடுக்கும்போது, கதவோரம் கிடந்த அவனுடைய ரப்பர் பூட்ஸுக்குள்ளிருந்து முதல் இருமல் கணீரென்று வந்தது. "அடியே ஒப்துலியா, உன் புருஷன் செத்தும் அடங்கலையாடி!" என்று பக்கத்து வீட்டு சேலோ எடுத்தாள் ஓட்டம். தின்றுகொண்டிருந்த தமால் சோளக்கொழுக்கட்டையையும் போட்டுவிட்டு ஓடினாள், அதுதான் ஆச்சரியம்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. நெப்ராஸ்காவில் நாங்கள் வேலை பார்த்த மாட்டிறைச்சி ஆலையில், தொற்று வந்த அந்த வசந்தத்திலும் எங்கள் ஆட்கள் தோள் உரச நின்றுதான் கறி வெட்டினார்கள். இருமினால் மேஸ்திரி வீட்டுக்கு அனுப்புவார்; சம்பளமும் கூடவே போய்விடும். அதனால் ஒப்துலியா தினமும் புருஷன் நெஞ்சில் தைலம் தேய்த்து, சட்டைப் பையில் தேன் மிட்டாய் போட்டு, "விழுங்கிடுய்யா, என்ன ஆனாலும் வெளிய விடாத" என்று அனுப்பினாள். பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன். அத்தனையையும் விழுங்கினான். கடைசியில் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அவளை உள்ளே விடவில்லை.

விழுங்கியதெல்லாம் எங்கே போகும்? அலமாரியிலிருந்தும் சோளமாவு டப்பாவிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். கூட ரெண்டு இருமல் வந்ததுதான் மிச்சம். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார், அப்புறம் அவருக்கும் பழகிப்போனது. "அப்பா, கொஞ்சம் மெதுவா, பரீட்சைக்குப் படிக்கணும்" என்று கத்திக் கத்தியே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

மூத்த மகள் ஒமாஹாவில் வீடு பார்த்துக் கூப்பிட்டபோது ஒப்துலியா மறுத்துவிட்டாள். "வேலைக்குப் போகாதய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி. பாவி, நான் விழுங்கச் சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போதெல்லாம் விடிகாலையில், ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில்தான் இருமல் அதிகம். ஒப்துலியா காபியோடு வந்து உட்காருவாள். "நல்லா வாய்விட்டு இருமுய்யா. இன்னைக்கு நீ வேலைக்குப் போக வேணாம்" என்பாள். அவனும் ஆசைதீர இருமுவான்.