முப்பத்தொன்றாம் பக்கத்து நீலப் புள்ளி

இப்போதெல்லாம் நாலு பேரைக் கேட்காமல் ஒருத்தனும் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை. எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் ஆஹா என்றார்கள், எத்தனை பேர் குப்பை என்றார்கள் என்று போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்திருக்கலாம். என் மகனும் அந்த ரகம்தான். செருப்பு வாங்குகிற மாதிரி புத்தகம் வாங்குகிறான். வாங்கி அலமாரியில் நிற்க வைக்கிறான். "படிச்சியாடா?" என்று கேட்டால் "படிக்கணும்பா" என்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்கிறவனிடம் வருஷக்கணக்காகச் சாப்பிடணும், சாப்பிடணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஆள் உயிரோடு இருப்பானா?

சரி, திட்டியாயிற்று. இனி என் கதையையும் சொல்ல வேண்டும். நானும் முப்பது வருஷமாக இன்னொருத்தர் பேச்சை நம்பித்தான் புத்தகம் எடுத்தேன். பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு புள்ளி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிறகு ஒன்பது மாடி ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டினேன். கம்பிக் கதவை இழுத்து மூடுவது, பொத்தானை அமுக்குவது, கதவைத் திறப்பது. முக்காலிக்கு அடியில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். தரையிலிருந்து ஒன்பதாம் மாடி போவதற்குள் ஒரு பக்கம், இறங்கும்போது இன்னொரு பக்கம். நடுவில் ஐந்திலோ ஆறிலோ யாராவது ஏறினால் வாக்கியம் அறுந்துபோகும். நீள நீளமாக வாக்கியம் எழுதுகிறவர்கள் யாரும் லிஃப்டில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

முன்னுரை படிக்க மாட்டேன். வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு வீட்டின் பெருமையைப் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது. பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எழுதினவரின் படம் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். பல்வலிக்காரரிடம் எனக்கென்ன பேச்சு?

எங்கள் நூலகம் தீயணைப்பு நிலையத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே சங்கு ஊதினால் மேலே இருபது தலை நிமிரும். எல்லோருக்கும் வரி தவறிப்போகும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு அங்கே போவேன். அங்கேதான் அந்தப் புள்ளியைக் கண்டேன். ஒரு நாவலில் முப்பத்தொன்றாம் பக்கத்து எண்ணுக்குப் பக்கத்தில், எள் அளவு, நீலப் பென்சிலில் வைத்தது. தவறிப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வேறொரு புத்தகத்தில் அதே முப்பத்தொன்று, அதே நீலம். பிறகு ஒன்றில், பிறகு இன்னொன்றில்.

நூலகத்துக்கு நாள்பட்டு வருகிறவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. படித்ததையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று ஏதாவது ஒரு பக்கத்தில் அடையாளம் போட்டுவைப்பார்கள். ஒருவர் முதல் பக்கத்தில் முக்கோணம் போடுவார். இன்னொருவர் தன் வீட்டு எண்ணை எழுதுவார். ஆகவே இதுவும் யாரோ படித்து முடித்த அடையாளம் என்று புரிந்துகொண்டேன்.

அதிசயம் என்னவென்றால், புள்ளி வைத்த புத்தகம் ஒன்றுகூட என்னைக் கைவிடவில்லை. மெதுவாக நடக்கும் கதைகள். ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள். முடிவில் எதுவும் சரியாகாது. படித்துவிட்டு லிஃப்டை எந்த மாடியில் நிறுத்துகிறேன் என்றே தெரியாமல் போயிருக்கிறேன். யாரையும் எளிதில் நம்பாதவன் நான். பாக்கி சில்லறையை மூன்று முறை எண்ணுகிறவன். அந்தப் புள்ளியை மட்டும் நம்பினேன். எந்தப் புத்தகம் என்றாலும் முதலில் முப்பத்தொன்றைத் திறப்பேன். புள்ளி இருந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் திரும்ப வைத்துவிடுவேன்.

புள்ளி வைத்தது ஒரு பெண் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. என் மனைவிக்கு இது எல்லாம் தெரியும்.

"என்ன, இன்னிக்குப் புள்ளிக்காரி என்ன குடுத்து அனுப்பியிருக்கா?" என்பாள். "எதிர்ல நான் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். இவருக்கு ஒரு புள்ளி போதுமாம்."

"நீ படிச்சா உன்கிட்ட பேசுவேன்ல."

"சரி, சொல்லுங்க. கதை என்ன? சீக்கிரம் சொல்லுங்க, துணி காயப் போடணும்."

சொல்லத் தொடங்குவேன். பாதியில், "அந்த வீட்டுல இத்தனை பேருக்கு யாருங்க சமைக்கிறது?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். எந்த எழுத்தாளரும் அதற்குப் பதில் எழுதி வைத்ததில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு அல்ல.

ஒரு புத்தகம் உண்டு. அட்டை போய், நூலகத்தில் வெறும் சாக்கு நிறத் துணி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தினமும் பாலத்தைத் தாண்டி அக்கரையில் வேலைக்குப் போய்வருகிறவள். புத்தகம் முழுக்க எல்லோரும் அந்தப் பாலத்தின் மேலேதான் போகிறார்கள், வருகிறார்கள். கடைசியில் வெள்ளத்தில் பாலம் போய்விடுகிறது. அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்து கரையில் நிற்கிறாள். ஒரு படகு வருகிறது. படகுக்காரன் கையை நீட்டுகிறான். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. அவள் போனாளா, வீட்டுக்குத் திரும்பினாளா, ஒரு வார்த்தை இல்லை.

ஆறு முறை படித்திருக்கிறேன். மூன்று முறை போனாள் என்று தோன்றியது, மூன்று முறை திரும்பினாள் என்று தோன்றியது. அதிலும் முப்பத்தொன்றில் நீலப் புள்ளி இருக்கிறது. அப்படியானால் அந்தக் கரையில் என்னைப் போலவே நின்ற இன்னொரு ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறாள். அவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம். லிஃப்டில் தனியாக இறங்கும்போது பலமுறை வாய்விட்டே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பழக்கதோஷத்தில் ஆறு மணிக்கே நூலகம் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் நூலகத்துப் பெண் ஒரு தாளைக் கதவில் ஒட்டினாள்.

"தாத்தா, இனிமே சாயங்காலம் கிடையாது. காலைல பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும்தான்."

"காலைல எவன் வருவான்?"

"நிறைய பேர் வர்றாங்க. நீங்கதான் பார்த்ததில்ல."

முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் காலையில் போனேன். முகமெல்லாம் புதிது. ஜன்னலோர மேஜையில் என் வயதை ஒட்டி ஒரு அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, கைப்பையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்சிலை எடுத்தார். நீலப் பென்சில். பக்கத்தின் மூலையில் ஒரு குத்து. புத்தகத்தை மூடி வைத்தார்.

செய்தித்தாளை அப்படியே மேஜையில் போட்டேன். எழுந்து போய் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். முப்பத்தொன்று.

"ஐயா, அது நான் எடுத்த புக்கு."

"நீங்கதானாம்மா இது?"

"எது?"

"புள்ளி. முப்பது வருஷமா இங்க புள்ளி வெக்கிறது நீங்கதானா?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "புகார் குடுக்கப் போறீங்களா? லேசாத்தான் வெச்சிருக்கேன். ரப்பர் போட்டா போயிடும்."

"புகாரெல்லாம் இல்ல. நீங்க புள்ளி வெச்ச புக்கு எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ பாவமே! ஐயா, அது வேண்டாம்னு வெச்ச புள்ளி."

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி விளக்கினார். மருந்துக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவராம். அப்போது பகல் ரெண்டு மணியிலிருந்து ஷிப்ட், அதனால்தான் காலை நேரத்து நூலகம் பழகிவிட்டதாம். கெட்டுப்போன மருந்துப் பெட்டிக்கு நீலப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிடுவார்களாம்.

"ஒரு புக்குக்கு முப்பத்தொரு பக்கம் குடுப்பேன். எவ்வளவு பெரிய மாசமா இருந்தாலும் முப்பத்தொரு நாள்தானே? அதுக்கு மேல யாருக்கும் நான் தவணை குடுக்கறதில்ல. அதுக்குள்ள என்னை இழுக்கலேன்னா ஒரு புள்ளி வெச்சுத் திருப்பிக் குடுத்துடுவேன். மறந்து போய் மறுபடி எடுத்துத் தொலைக்கக் கூடாதுல்ல?"

"அப்போ பிடிச்ச புக்கு?"

"அதுல எதுக்குப் புள்ளி? பிடிச்சது ஞாபகம் இருக்குமே."

முப்பது வருஷம் நான் படிக்காமல் திரும்ப வைத்த புத்தகங்கள் அத்தனையும் சுவரோரமாக வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. அவர் எழுந்து போய் அதிலிருந்து ஒன்றை எடுத்துவந்து என் முன் வைத்தார். தடிமனான புத்தகம். அட்டையில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது.

"இதைப் படிங்க. ஒரு இடத்துல நிக்காது. கடைசில எல்லாரும் ஒண்ணா சேர்ந்துடுவாங்க."

"அது எனக்கு எதுக்கு?" என்றேன். பிறகு மனசு கேட்கவில்லை. அலமாரிக்குப் போய்ச் சாக்கு நிறத் துணி ஒட்டின அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். "இது ஞாபகம் இருக்கா?"

அவர் முப்பத்தொன்றைப் பிரித்துப் பார்த்தார். "என் புள்ளிதான். கதை ஞாபகமில்ல."

"இதுல ஒரு பொண்ணு. கடைசில ஒரு பையை எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைல வந்து நிக்கிறா. அவ போனாளா, திரும்பினாளா? அதை உங்ககிட்ட கேக்கணும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கியது. துணி அட்டையை விரலால் ஒருமுறை தடவினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படகுல ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? யாருக்கு என்ன ஆகப்போவுது?"

"நான் படகுன்னு சொல்லவே இல்லையே."

"ஆத்தங்கரைல பையோட நிக்கிறவ படகுக்குத்தான் நிப்பா. பஸ்ஸுக்கா நிப்பா?"

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கீழே சங்கு ஊதியது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. சத்தம் அடங்கியபோது அவர் அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்துவிட்டிருந்தார்.

சிரிக்கிற குடும்பத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு, துணி அட்டைப் புத்தகத்தை என் பேரில் பதிந்துகொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில்தான் உறைத்தது. அந்த ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது. முதல் முப்பத்தொரு பக்கத்தில் மட்டும் பாலம் ஒன்பது இடத்தில் வருகிறது. படகு என்ற சொல் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் எங்குமே இல்லை. அவ்வளவோடு நிறுத்தியவருக்கு அந்தப் பெண் பாலத்தின் மேல் அல்லவா போயிருக்க வேண்டும்?

திரும்பி ஏறிப் போய்க் கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். கிடங்கில் வேலை பார்த்தவர், எதை எங்கே ஒதுக்கி வைத்தோம் என்று சொல்லாமலே காலம் தள்ளத் தெரிந்தவர். வீட்டுக்குப் போனால் மனைவி, "புள்ளிக்காரியைப் பார்த்தீங்களா?" என்பாள். பார்த்தேன் என்றால் நம்ப மாட்டாள். பார்க்கவில்லை என்றாலும் நம்ப மாட்டாள்.

முப்பத்தொரு பக்கத்தோடு நிறுத்தினாராம். யாரிடம் சொல்கிறார்? புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தீயணைப்பு வண்டி போன காலி இடத்தைத் தாண்டி நடந்தேன்.